வெப்சைட் உங்கள் பொறுப்பா? முதலில் அந்த ஃபார்மைப் பாருங்கள்

நடுத்தரக் கம்பெனிகளில் வெப்சைட் என்பது யாராவது ஒருவர் தலையில் கட்டப்படும் வேலை. மார்க்கெட்டிங்கில் போன மாதம் சேர்ந்தவர், ‘கம்ப்யூட்டர் நல்லா தெரியும்’ என்று பேரெடுத்துவிட்ட அக்கவுன்ட்ஸ் ஆள், ஹெச்.ஆரில் இருக்கும் ஒற்றை ஆள் என்று யாரோ ஒருவர் மாட்டுவார். பேனரை மாற்று, விலைப்பட்டியலை ஏற்று, தீபாவளி ஆஃபர் போடு என்பதோடு அந்த வேலை இதுவரை முடிந்துவிட்டது. இனி முடியாது. வெப்சைட்டுக்கு வந்தவர் கொடுத்த பெயரும் போன் நம்பரும் எங்கே இருக்கின்றன, யார் பார்க்கிறார்கள், எப்போது அழிக்கிறீர்கள் என்று யாராவது கேட்டால் ஒருவர் பதில் சொல்லியாக வேண்டும். அந்த ஒருவர் பெரும்பாலும் நீங்கள்தான்.

டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்டில் வந்தது. அதற்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. முக்கியமான கடமைகளுக்கு அப்போது கொடுத்த அவகாசம் 18 மாதம். அந்தக் கணக்குப்படி 2027 மே மாதத்துக்குள் தயாராக வேண்டும். தரவுக்குத் தகுந்த பாதுகாப்பு கொடுக்கத் தவறினால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை. இந்தத் தொகையை முதல் ஸ்லைடில் போட்டு முதலாளிகளைக் கலங்கடிக்கும் கன்சல்டன்ட்கள் ஏற்கெனவே கிளம்பிவிட்டார்கள். அவர்கள் சொல்லாமல் விடுவது ‘வரை’ என்ற பகுதியை. தவறு எவ்வளவு பெரியது, எத்தனை நாள் நீடித்தது, தெரிந்ததும் என்ன செய்தார்கள் என்பதையெல்லாம் பார்த்துத்தான் தரவுப் பாதுகாப்பு வாரியம் தொகையை முடிவு செய்யும். ஆகவே நீங்கள் செய்து, எழுதி வைத்த ஒவ்வொரு காரியமும் பின்னால் கம்பெனிக்குக் கைகொடுக்கும்.

இதில் வக்கீல் வேலை கால் பங்குதான் என்பது என் கருத்து. எதை வாங்குகிறோம், எங்கே வைக்கிறோம், எப்போது தூக்கிப் போடுகிறோம் என்பதற்கு எழுத்தில் பதில் வைத்திருப்பதே மீதி முக்கால் பங்கு. சட்டம் படித்தவரைவிட ஆபீஸ் நடைமுறை தெரிந்தவருக்கு அது நன்றாக வரும்.

ஒரு ஃபார்ம் எத்தனை இடத்துக்குப் போகிறது

வாட்டர் ப்யூரிஃபையர் விற்கும் ஒரு கம்பெனியை எடுத்துக்கொள்வோம். ‘இலவச டெமோவுக்குப் பதிவு செய்யுங்கள்’ என்று ஒரு ஃபார்ம். பெயர், மொபைல், இமெயில், முகவரி, பிறந்த தேதி, குடும்பத்தில் எத்தனை பேர். ஒரு அம்மா அதை நிரப்பி சப்மிட் அழுத்துகிறார். கம்பெனிக்குச் சொன்னோம், அவ்வளவுதான் என்று நினைக்கிறார்.

அந்தத் தகவல் முதலில் ஹோஸ்டிங் கம்பெனியின் சர்வரில் இருக்கும் டேட்டாபேஸில் ஏறுகிறது. அதே நொடியில் ஒரு நகல் என்கொயரி மெயில் பெட்டிக்குப் போகிறது. அங்கிருந்து ஏரியா சேல்ஸ் ஆட்கள் மூன்று பேருக்கு ஃபார்வர்ட். ஒருவர் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் போடுகிறார். போன வருஷம் வேலையை விட்டுப்போனவர் அந்தக் குரூப்பில் இன்னும் இருக்கிறார். மாதக் கடைசியில் எல்லாவற்றையும் எக்செலில் இறக்கி கூகுள் டிரைவில் வைக்கிறார்கள்; லிங்க் கிடைத்த யாரும் திறக்கலாம் என்ற செட்டிங்கில். அந்த எக்செல், பல்க் எஸ்எம்எஸ் அனுப்பும் ஏஜென்சிக்கும் போகிறது. அந்த அம்மா நாளைக்குப் போன் செய்து ‘என் நம்பரை எடுத்துடுங்க’ என்றால் எந்த இடத்தில் எடுப்பீர்கள்?

உங்கள் கம்பெனியில் இந்தப் பாதை எப்படி என்று கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி உண்டு. வேறு யாருக்கும் இருக்க முடியாத ஒரு பெயரை, ‘கோமதி டெஸ்ட்’ என்பது போல, உங்கள் சொந்த நம்பரோடு ஃபார்மில் போட்டு அனுப்புங்கள். ஒரு மாதம் கழித்து அந்தப் பெயரை மெயிலில், டிரைவில், குரூப்பில், சிஆர்எம்மில் தேடுங்கள். உங்கள் போனுக்கு யாரெல்லாம் மெசேஜ் அனுப்பினார்கள் என்றும் குறித்துக்கொள்ளுங்கள்.

கிடைத்ததை ஒரு ஷீட்டில் போடுங்கள். என்ன தகவல், எதற்காக வாங்கினோம், எங்கே இருக்கிறது, யார் பார்க்கலாம், வெளியே யாருக்குத் தருகிறோம், எத்தனை நாள் வைப்போம்: ஆறு பத்தி போதும். இதற்காக எல்லா டீமுக்கும் மெயில் தட்டிவிட்டு உட்கார்ந்திருக்காதீர்கள். ‘எங்க சைடுல எதுவும் ஸ்டோர் பண்றதில்ல’ என்ற ஒரே பதில்தான் வரும். டீ டைமில் பக்கத்தில் போய் உட்கார்ந்து பேச்சுக் கொடுத்தால்தான் டெஸ்க்டாப்பில் கிடக்கும் ‘லீட்ஸ் ஃபைனல் நியூ 2’ என்ற ஃபைல் வெளியே வரும்.

ஷீட் தயாரானதும் அடுத்த காரியம் குறைப்பது. இங்கேதான் சேல்ஸ் ஹெட்டோடு உரசல் வரும்.

“டேட் ஆஃப் பர்த் எதுக்கு சார் கேக்கறோம்?”

“பர்த்டேக்கு விஷ் பண்ணலாம்லப்பா.”

“போன வருஷம் யாருக்காவது பண்ணோமா சார்?”

“இல்ல. ஆனா இருக்கட்டும், பின்னாடி யூஸ் ஆகும்.”

பின்னால் உதவும் என்று வாங்கி வைப்பதைத்தான் புதிய சட்டம் ஏற்காது. எந்த வேலைக்கு என்று சொல்லி வாங்குகிறோமோ அந்த வேலைக்குத் தேவையான அளவே வாங்கலாம். சட்டத்திலேயே இதற்கு ஓர் உதாரணம் இருக்கிறது. போனில் டாக்டரைப் பார்க்கும் ஆப் ஒன்று, சிகிச்சைக்கான தகவலோடு போனில் இருக்கும் கான்டாக்ட் லிஸ்ட்டையும் கேட்கிறது. பயனாளர் இரண்டுக்கும் சரி சொல்லிவிடுகிறார். சரி சொன்னாலும் கான்டாக்ட் லிஸ்ட்டுக்கு அந்த ஒப்புதல் செல்லாது என்கிறது சட்டம். டாக்டரைப் பார்க்க உங்கள் மாமா நம்பர் எதற்கு?

ஆனால் சேல்ஸ் ஹெட்டிடம் சட்டப் பிரிவைச் சொல்லி ஜெயிக்கப் பார்க்காதீர்கள். ஃபார்ம் சின்னதாக இருந்தால் பாதியில் விட்டுப் போகிறவர்கள் குறைவார்கள், உங்களுக்கு லீட் கூடும் என்று சொல்லுங்கள். ஒரு மாதம் இரண்டு கட்டத்தை எடுத்துவிட்டுப் பார்ப்போம் என்று கேளுங்கள். அவர் மொழியில் பேசினால் ஒத்துக்கொள்வார்.

கடையில் வாங்கும் நம்பருக்கும் இதே கதைதான். மருந்துக்கடையில் ஒருவர் ‘பில்லை மெசேஜில் அனுப்புங்க’ என்று தானாகவே நம்பர் கொடுத்தால், பில் அனுப்ப அதைப் பயன்படுத்தலாம். தனி ஒப்புதல் தேவையில்லை. இதுவும் சட்டத்தில் உள்ள உதாரணமே. ஆடித் தள்ளுபடி மெசேஜ் அனுப்ப அது போதாது.

கேட்காமலே எடுக்கப்படுவது

ஃபார்மாவது கண்ணுக்குத் தெரியும். தெரியாமல் போவது அதைவிட அதிகம். உங்கள் வெப்சைட்டை குரோமில் திறந்து எஃப்12 விசையை அழுத்துங்கள். நெட்வொர்க் என்ற பகுதிக்குப் போய், பக்கத்தை ரீலோட் செய்யுங்கள். வரிசையாகப் பெயர்கள் ஓடும். உங்கள் டொமைன் தெரியும். கூடவே எழுத்துரு கொண்டுவரும் ஒரு சர்வர், கூகுள் அனலிட்டிக்ஸ், ஃபேஸ்புக் பிக்சல், மூலையில் துள்ளும் சாட் பெட்டிக்கான கம்பெனி, வருகிறவர் மௌஸை எங்கே நகர்த்தினார் என்று படம் பிடிக்கும் ஏதோ ஒரு டூல். ஒவ்வொன்றும் வருகிறவரின் ஐபி முகவரியையாவது பார்த்துவிடும். பல, குக்கியும் வைத்துவிட்டுப் போகும்.

குக்கியைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. 1994-இல் நெட்ஸ்கேப்பில் லூ மோன்டுலி அதை உருவாக்கியபோது, ஆன்லைன் கடையில் கூடையில் போட்ட பொருளை அடுத்த பக்கம் போனதும் மறந்துவிடாமல் இருக்கத்தான் யோசித்தார். லாகின் செய்தவரை நினைவு வைத்திருக்க அது இன்றும் வேண்டும். பல வெப்சைட்டுகளில் ஒரே விளம்பரக் கம்பெனியின் குக்கி உட்கார்ந்து, ஒரே ஆள் எங்கெல்லாம் போகிறார் என்று கோர்ப்பதில்தான் வில்லங்கம்.

நெட்வொர்க் பட்டியலில் உள்ள ஒவ்வொரு பெயருக்கும் ‘இதை யார் போட்டது, இப்போது யார் பார்க்கிறார்கள்?’ என்று கேளுங்கள். பாதிக்கு ‘பழைய ஏஜென்சி போட்டது, இப்ப யாரும் பாக்கறதில்ல’ என்ற பதில் வரும். அதையெல்லாம் எடுத்துவிடுங்கள். பக்கம் வேகமாகத் திறக்கும் என்பது கூடுதல் லாபம்.

எடுக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு பிரிட்டிஷ் ஏர்வேஸ் கதை போதும். 2018-இல் அதன் வெப்சைட்டில், வருஷக்கணக்காக யாரும் தொடாத ஒரு ஜாவாஸ்கிரிப்ட் ஃபைலின் அடியில் திருடர்கள் 22 வரிகளைச் சேர்த்தார்கள். டிக்கெட் வாங்கியவர் பணம் கட்டும் பட்டனை அழுத்தியதும் பணம் போய்ச் சேர்ந்தது, டிக்கெட்டும் வந்தது. கூடவே கார்டு விவரத்தின் நகல் ஒன்று, கம்பெனிப் பெயரைப் போலவே தெரியும் வேறொரு டொமைனுக்குப் போனது. இரண்டு மாதத்துக்கும் மேல் கம்பெனிக்குத் தெரியவில்லை. வெளியாள் ஒருவர் சொல்லித்தான் தெரிந்தது. 4 லட்சத்துக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்கள் பாதிக்கப்பட்டார்கள். 2020-இல் பிரிட்டன் விதித்த அபராதம் 2 கோடி பவுண்ட். உங்கள் கம்பெனி அவ்வளவு பெரிதில்லைதான். ஆனால் பணம் கட்டும் பக்கத்தில் தேவையில்லாத ஸ்கிரிப்ட் ஒன்றுகூட இருக்கக் கூடாது என்பது சின்னக் கடைக்கும் பொருந்தும்.

குக்கி பேனர் வேண்டுமா என்று கேட்பார்கள். நம் சட்டத்தில் குக்கி என்ற பெயரே இல்லை. ஆனால் அது ஒரு ஆளை அடையாளம் காட்டினால் தனிநபர் தரவுதான். பேனர் வைப்பதாக இருந்தால் ஒழுங்காக வையுங்கள். ‘ஏற்கிறேன்’ பட்டன் பளிச்சென்று பச்சையில். ‘வேண்டாம்’ என்று சொல்ல மூன்று பக்கம் உள்ளே போக வேண்டும். இந்தக் கெட்டிக்காரத்தனத்துக்காக 2022 ஜனவரியில் பிரான்ஸ், கூகுளுக்கு 15 கோடி யூரோவும் ஃபேஸ்புக்குக்கு 6 கோடி யூரோவும் அபராதம் போட்டது. முன்கூட்டியே டிக் அடித்து வைத்த கட்டம் ஒப்புதல் ஆகாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2019-லேயே சொல்லிவிட்டது. ‘அது ஐரோப்பா’ என்று தள்ளிவிட முடியாது. அங்குள்ளவர்களுக்கு நேரடியாகப் பொருளோ சேவையோ விற்கும் கம்பெனி சென்னையில் இருந்தாலும் அவர்கள் சட்டமான ஜிடிபிஆர் பொருந்தும். நம் சட்டமும் சளைத்ததல்ல. ஒப்புதல் கொடுப்பது எவ்வளவு சுலபமோ அதைத் திரும்பப் பெறுவதும் அவ்வளவு சுலபமாக இருக்க வேண்டும் என்கிறது.

தமிழ் எழுதத் தெரிந்தவருக்கு ஒரு வேலை

பெரும்பாலான வெப்சைட்டுகளில் பிரைவசி பாலிசி எங்கிருந்தோ காப்பி அடித்தது. மதுரையில் ஜவுளிக்கடை; அதன் பாலிசியில் கலிபோர்னியாவாசிகளின் உரிமைகள் பற்றி இரண்டு பத்தி இருக்கும். இது இல்லாமலிருப்பதைவிட மோசம். செய்யாததைச் செய்வதாக எழுதி உங்களுக்கு எதிராக நீங்களே சாட்சி தயாரிக்கிறீர்கள்.

புதிய விதிகளின்படி, ஒப்புதல் கேட்கும் அறிவிப்பு மற்ற விதிமுறைகளோடு கலக்காமல் தனியாக நிற்க வேண்டும்; படித்தவுடன் புரிய வேண்டும்; எந்தெந்தத் தகவல், எதற்கு என்று பிரித்துச் சொல்ல வேண்டும். ஆங்கிலத்தில் மட்டுமல்ல, எட்டாம் அட்டவணையில் உள்ள 22 மொழிகளில் எதிலும் படிக்கும் வாய்ப்பைத் தர வேண்டும். தமிழும் அதில் உண்டு. ஆங்கில பாலிசியை மெஷினில் போட்டுத் தமிழாக்கினால் யாருக்கும் புரியாத ஒன்று கிடைக்கும். நேரடியாகத் தமிழில் எழுதினால் இப்படி இருக்கும்:

‘உங்கள் பெயர், மொபைல் எண், முகவரி மூன்றையும் கேட்கிறோம். எங்கள் சர்வீஸ் ஆள் உங்களை அழைத்து, டெமோ காட்ட வீட்டுக்கு வரும் நேரத்தை உறுதி செய்ய இவை தேவை. நீங்கள் வாங்காவிட்டால் 6 மாதத்தில் அழித்துவிடுவோம். ஆஃபர் மெசேஜ் வேண்டும் என்றால் மட்டும் கீழே உள்ள கட்டத்தில் டிக் செய்யுங்கள். கொடுத்த ஒப்புதலை எப்போது வேண்டுமானாலும் இங்கே அழுத்தித் திரும்பப் பெறலாம். குறை இருந்தால் எங்களிடம் சொல்லுங்கள். தரவுப் பாதுகாப்பு வாரியத்திலும் புகார் செய்யலாம். அதற்கான வழி இங்கே.’

இதை வக்கீல் ஒருமுறை பார்க்கட்டும். ஆனால் அவர் கையில் கொடுத்து ‘எழுதித் தாருங்கள்’ என்று சொல்லிவிடாதீர்கள். நான்கு பக்கம் வரும்.

டியூஷன் சென்டர், கோச்சிங் சென்டர் வெப்சைட் பார்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 18 வயது நிரம்பாதவர் எல்லோரும் சட்டப்படி குழந்தை. பெற்றோரின் ஒப்புதலை, அது பெற்றோருடையதுதான் என்று சரிபார்க்கும் விதத்தில் வாங்க வேண்டும். கல்வி நிறுவனங்களுக்குப் படிப்பு, பாதுகாப்பு சார்ந்த சில விலக்குகள் உண்டு. பிளஸ் டூ மாணவன் பின்னால் இன்ஸ்டாகிராம் விளம்பரத்தை அலையவிடுவது அந்த விலக்கில் வராது. இந்தப் பிரிவில் அபராதம் 200 கோடி வரை.

ஹெச்.ஆர் ஆட்களுக்கும் ஒன்று. கரியர்ஸ் பக்கத்தில் வரும் ரெஸ்யூமே போல் விவரம் கொட்டிக்கிடக்கும் பொருள் வேறில்லை: பிறந்த தேதி, அப்பா பெயர், இப்போதைய சம்பளம், சில சமயம் ஆதார் நகல் வரை. வேலைக்குச் சேர்ந்தவரின் தகவலைப் பணி சார்ந்த தேவைக்குப் பயன்படுத்தச் சட்டம் தனியாக இடம் தருகிறது. சேராதவருடைய ரெஸ்யூமே மெயிலில் ஏழு வருஷம் கிடப்பதற்கு என்ன நியாயம்? ‘தேர்வாகாவிட்டால் ஒரு வருஷம் வைத்திருக்கலாமா?’ என்று ஃபார்மிலேயே கேட்டுவிடுங்கள். வருஷம் முடிந்ததும் அழியுங்கள்.

கசிந்த அன்று

பூட்டுச் சாவி சமாச்சாரத்தை ஐடி ஆட்கள் பார்த்துக்கொள்வார்கள். நீங்கள் செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. உங்கள் வெப்சைட்டில் ‘பாஸ்வேர்டு மறந்துவிட்டது’ என்பதை அழுத்துங்கள். புதிதாக வைத்துக்கொள்ள லிங்க் வந்தால் சரி. பழைய பாஸ்வேர்டே மெயிலில் வந்தால், அது யாரும் படிக்கும்படி உள்ளே கிடக்கிறது என்று அர்த்தம். ஃபேஸ்புக்கே இப்படிப் படிக்கிற வடிவில் பாஸ்வேர்டுகளை வைத்திருந்து மாட்டியது. 2024-இல் அயர்லாந்து 9.1 கோடி யூரோ அபராதம் விதித்தது. டெவலப்பரைக் கூப்பிட்டு, திரும்பப் படிக்க முடியாதபடி மாற்றி, அதாவது ஹேஷ் செய்து வைக்கச் சொல்லுங்கள். வேலையை விட்டுப் போனவரின் லாகினை அன்றே மூடுவதும், அட்மின் பாஸ்வேர்டை நாலு பேர் பகிராமல் இருப்பதும் செலவில்லாத பாதுகாப்பு.

இத்தனைக்குப் பிறகும் ஒருநாள் கசியும். பெரும்பாலும் சினிமாவில் வருவது போன்ற ஹேக்கர் இல்லை. யாரோ தப்பான ஆளுக்கு எக்செலை அட்டாச் செய்திருப்பார். புதிய விதிகளில் ‘சின்னக் கசிவு, சொல்ல வேண்டியதில்லை’ என்ற சலுகை இல்லை. பாதிக்கப்பட்டவர்களுக்கும் வாரியத்துக்கும் தாமதமின்றிச் சொல்ல வேண்டும். 72 மணி நேரத்துக்குள் வாரியத்துக்கு முழு விவரம் தர வேண்டும். சைபர் தாக்குதல் என்றால் 2022 ஏப்ரல் உத்தரவுப்படி 6 மணி நேரத்துக்குள் மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்குத் தெரிவிப்பது ஏற்கெனவே நடைமுறையில் இருக்கிறது. தப்பு வெண்டர் பக்கம் என்றாலும் சட்டம் உங்கள் கம்பெனியைத்தான் கேட்கும். ஆகவே எஸ்எம்எஸ் ஏஜென்சியோடு எழுத்தில் ஒப்பந்தம் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள்.

அந்தச் சமயத்தில் பதற்றத்தில் சர்வரைத் துடைத்து, யார் எப்போது உள்ளே வந்தார் என்று பதிவாகும் லாகையும் சேர்த்து அழித்துவிடுகிறவர்கள் உண்டு. லாக்தான் சாட்சி; குறைந்தது ஒரு வருஷம் இருக்க வேண்டும். யாருக்கு முதலில் போன், யார் வெளியே பேசுவது, ஹோஸ்டிங் கம்பெனியின் எமர்ஜென்சி நம்பர் எது என்பதை ஒரு தாளில் அச்சடித்து வைத்துக்கொள்ளுங்கள். மெயிலே வேலை செய்யாத நாளாகவும் அது இருக்கலாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கத்துகிற மேனேஜர் இருக்கும் ஆபீஸில் கசிவு தாமதமாகத்தான் தெரியவரும். தப்பாக அனுப்பிய பையன் மூன்று நாள் வாயைத் திறக்க மாட்டான். 72 மணி நேரம் அங்கேயே போய்விடும். ‘உடனே சொன்னால் நடவடிக்கை இல்லை’ என்று மேலிடத்திலிருந்து ஒரு மெயில் வாங்கி எல்லோருக்கும் அனுப்புங்கள். எந்த சாஃப்ட்வேரையும்விட அது நன்றாக வேலை செய்யும்.

இதை வைத்து மேலே போக

பெரிய அளவில் தரவு கையாளும் நிறுவனங்களை அரசு தனியாக அறிவிக்கும். அவை இந்தியாவில் இருக்கும் ஒரு டேட்டா புரொடெக்‌ஷன் ஆபீஸரை நியமித்தே ஆக வேண்டும். மற்ற கம்பெனிகளும் கேள்விக்குப் பதில் சொல்லக்கூடிய ஒருவரின் தொடர்பு விவரத்தை வெளியிட வேண்டும். வங்கி, மருத்துவமனை, ஐரோப்பிய வாடிக்கையாளர் வைத்திருக்கும் ஐடி கம்பெனி எல்லாவற்றிலும் பிரைவசி அனலிஸ்ட், கம்ப்ளயன்ஸ் எக்ஸிகியூட்டிவ் என்ற பெயர்களில் இந்த வேலை இருக்கிறது. இலங்கையில் வேலை தேடுபவர்கள் அங்குள்ள 2022-ஆம் ஆண்டின் 9-ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைப் படிக்கட்டும். சிங்கப்பூரில் 2012-லேயே சட்டம் வந்துவிட்டது.

சர்டிஃபிகேட் வேண்டுமென்றால் பிரைவசி துறையினருக்கான சர்வதேச அமைப்பான ஐஏபிபியின் சிஐபிபி, சிஐபிஎம் தேர்வுகளுக்கு உலகம் முழுக்க மதிப்பு உண்டு. கட்டணம் கையைக் கடிக்கும். நாஸ்காம் தொடங்கிய டிஎஸ்சிஐ அமைப்பின் டிசிபிபி நம் ஊர்ச் சூழலுக்கு நெருக்கமானது. ஆனால் சட்டத்தின் 44 பிரிவுகளையும் ஒரு மாலையில் படித்துவிடலாம். காசு கட்டுவதற்கு முன் அதைச் செய்யுங்கள். இன்டர்வியூவில் மனப்பாடமாகச் சட்டம் சொல்பவர் நிறையப் பேர் வருவார்கள். ‘எங்கள் ஃபார்மில் ஆறு கட்டம் இருந்தது, மூன்றாகக் குறைத்தேன், பழைய ஸ்கிரிப்ட்களை எடுத்தேன், வெண்டர் ஒப்பந்தத்தை மாற்றினேன்’ என்று சொல்பவர் தனியாகத் தெரிவார். ஷீட்டின் வடிவத்தைக் காட்டலாம். பழைய கம்பெனியின் உண்மையான தரவு ஒரு வரிகூட அதில் இருக்கக் கூடாது. ‘சாம்பிளுக்கு நிஜ லிஸ்ட் கொஞ்சம் காட்டுங்க’ என்று கேட்கும் இன்டர்வியூவும் உண்டு. காட்டியவரை யாரும் இந்த வேலைக்கு எடுக்க மாட்டார்கள்.

இப்போதைய கம்பெனியிலேயே தொடங்குவதென்றால் ஒரு விஷயத்தை முன்கூட்டியே பேசிவிடுங்கள். வெப்சைட்டில் உங்கள் பெயரையும் நம்பரையும் போட்டுப் பொறுப்பை மட்டும் கொடுத்துவிடுவார்கள். சேல்ஸ் டீமின் எக்செலை அழிக்கச் சொல்லும் அதிகாரத்தைக் கொடுக்க மாட்டார்கள். எதை அழிக்கலாம், எந்த ஸ்கிரிப்ட்டை எடுக்கலாம், யாரிடம் நேரடியாகப் பேசலாம், வாரத்தில் எத்தனை மணி நேரம் இதற்கு என்பதை எம்.டி.யிடமிருந்து மெயிலில் வாங்கிக்கொள்ளுங்கள். அந்த மெயில் வந்த பிறகு உங்கள் நம்பரை வெப்சைட்டில் ஏற்றுங்கள். சொந்த நம்பர் வேண்டாம், கம்பெனி சிம் கேளுங்கள்.